புற்றுச்செல்லின் மென்மையை அளக்கத் திருப்பூர் போனது

திருப்பூருக்குப் போகிறவர்கள் பனியன் வாங்கப் போவார்கள். நான் 2008 பிப்ரவரியில் ஒரு பெண்ணின் நெஞ்சில் கோத்திருந்த நீரை வாங்கப் போனேன். பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் அணுவிசை நுண்ணோக்கி என்று ஒரு கருவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனையால் உயிருள்ள செல்லை அழுத்தி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும். புற்றுச்செல்கள் பெரும்பாலும் நல்ல செல்களைவிட மெத்தென்று இருக்கும். நெஞ்சுநீரில் இரண்டும் கலந்து மிதக்கலாம் என்பதால்தான் இந்த அலைச்சல்.

இரவு ரயில் காலை ஐந்தரைக்கு இறக்கிவிட்டது. ராயபுரத்துக்கு ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். நடக்கிற தூரம்தான், ஆனால் பையில் கண்ணாடிக் குடுவை இருந்ததால் கொடுத்துத் தொலைத்தேன். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் சரோஜா படுத்திருந்தார். பனியன் கம்பெனியில், தைத்து வந்த துணியைத் தொட்டுச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. பேசினாலே மூச்சு வாங்கியது. டாக்டர் நீரை எடுத்து, பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சரோஜாவின் சம்மதத்தோடு மீதியை எனக்குத் தந்தார்.

சரோஜாவின் கணவர் பழனிசாமி முதலிபாளையத்தில் ஒரு ஃபினிஷிங் பட்டறையில் இருக்கிறார். துணியைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்து, மெத்தென்று இருந்தால் பாஸ் போடுகிறவர். மதிய ரயிலுக்கு என்னை மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். கருவியைப் பற்றிக் கேட்டார். செல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன். மெத்தென்று இருந்தால் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் போன் செய்தார். டாக்டர் அனுப்பிய பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டதாம்.

“உங்க மெசின்ல எப்படீங்க சார் இருந்துச்சு?”

எங்கள் அளவு ஆராய்ச்சிக்குத்தான், வைத்தியத்துக்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. நிறைய செல்கள் மெத்தென்றுதான் இருந்தன என்றேன்.

“அப்ப பாஸ்தானுங்களே. இந்த ரிப்போர்ட்டு வேற ஆரோடதாச்சும் இருக்குமுங்க.”

இல்லைங்க அண்ணா, இதில் எல்லாம் தலைகீழ், மெத்தென்ற செல்தான் சந்து பொந்தில் நுழைந்து பரவும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

இந்த வேலையாகப் போகிறவர்களுக்கு: ஐஸ் வேண்டாம், ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், செல் செத்து விறைத்துவிடும். உடம்புச் சூட்டிலேயே வைத்து அன்றைக்கே கொண்டுவந்துவிடுங்கள். கருவி எதை அளக்கும் என்று சொல்வதற்கு முன், எது கெட்ட சேதி என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது.

பழனிசாமி போனை வைப்பதற்கு முன் சொன்னார்:

“அவகிட்ட மெத்துனு இருக்குதாம்னு மட்டும் சொல்லிப்போடறனுங்க சார். அவளும் செக்கிங்தானுங்க, வேற ஒண்ணும் கேக்கமாட்டா.”