மோட்டார் அறைச் சுவரில் ஒரு நேர்கோடு

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில், பெரியப்பாவின் தோட்டத்து மோட்டார் அறையில், சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே கரித்துண்டால் இழுத்த ஒரு கோடு இருக்கிறது. இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடு. அதையொட்டிச் சில புள்ளிகள். கோடு முடிகிற இடத்தில் ‘வெங்காயம்’ என்று குண்டு எழுத்து. விவரம் தெரியாதவர்கள் சின்னப் பிள்ளைகளின் கிறுக்கல் என்றுதான் நினைப்பார்கள். அது பெரியப்பா மகள் போட்ட கணக்கு. அவளுடைய காலேஜ் படிப்பு அந்தக் கோட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளும் நானும் ஒரே வகுப்பு. சில மாதம் மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நேர்கோட்டு இயக்கக் கணக்கென்றால் எனக்குப் பிளஸ் எது, மைனஸ் எது என்றே குழம்பும். அவளோ முதலில் ஓர் அம்பு போடுவாள், எந்தப் பக்கம் பிளஸ் என்று முடிவு செய்வாள், பிறகு தோசை திருப்புகிற மாதிரி சமன்பாட்டைத் திருப்பி விடையை எடுத்துவிடுவாள். புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. கிணற்றில் கல்லைப் போடுகிறோம், இத்தனை விநாடி கழித்துச் சத்தம் கேட்கிறது, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? வகுப்பே குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் எழுந்து, “எந்த ஊருக் கிணறு சார்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த பங்குனியில் பெரியப்பா சின்ன வெங்காயம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வெங்காயம் வீடு வந்து சேர்ந்தால் அவளை மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ப்பது, இல்லையென்றால் கேட்டு வந்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்வது. வீட்டில் பேச்சு அப்படித்தான் இருந்தது. கிணறு தாங்குமா என்பதுதான் கேள்வி. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கியே அளந்திருக்கலாம். ஆனால் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு கணக்காவது தன் வீட்டைப் பற்றியது என்கிற பெருமை அவளுக்கு. அவள் கல்லைப் போடுவாள், நான் பெரியப்பாவின் பட்டன் போனில் ஸ்டாப்வாட்சை அமுக்கி நேரம் பார்ப்பேன். கிணற்றில் கல் போடுகிறீர்களே, வெளங்குமா என்று பெரியம்மா வைவார். வாரம் தவறாமல் போட்டோம். ஒவ்வொரு தடவையும் பல கற்கள், அவற்றின் சராசரி, அதற்கொரு புள்ளி.

புள்ளிகள் ஒழுங்காக ஒரே சரிவில் இறங்கின. தண்ணீர் சீரான வேகத்தில் கீழே போகிறது என்றாள். கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் தாழ விழுந்தது. “நீ லேட்டா அமுக்கிட்டடி” என்று என்னை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்தப் புள்ளியை ஒதுக்கிக் கோட்டை இழுத்தாள். வெங்காயம் எடுக்கிற வைகாசிக் கடைசியிலும், மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடிவாயான புட்வால்வுக்கு மேலே தண்ணீர் நின்றது, அதாவது சுவரில் நின்றது.

“எம்புட்டு நாளைக்குத் தாங்கும் தாயி?” என்று பெரியப்பா கேட்டார்.

“வெங்காயம் எடுக்குற வரைக்கும் தாங்கும்ப்பா.”

அவர் அந்த வாரமே நட்டார். டீக்கடையில் போய், எம் மக கணக்குப் போட்டுச் சொல்லிருச்சு என்று எல்லோரிடமும் சொன்னாராம். கேட்டவர்களில் பக்கத்துத் தோட்டக்காரர்களும் இருந்தார்கள். அவர்களும் துணிந்து நட்டார்கள். அவர்களுடைய மோட்டார்களும் அதே ஊற்றைத்தான் இழுத்தன. நாள் ஏற ஏறத் தண்ணீர் இறங்குகிற வேகமும் ஏறியது. வெங்காயத் தாள் நன்றாகக் கிளம்பி, காய் பிடிக்கிற சமயத்தில் ஒரு காலை மோட்டார் காற்றை இழுத்து அலறியது. பெரியப்பா ஓடிப்போய் அணைத்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டார். பிடுங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவுதான்.

அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவள் தேறியிருப்பாள் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. அவள் மோட்டார் அறைக்குள் போய், கோட்டுக்கு எவ்வளவோ கீழே கடைசிப் புள்ளியை வைத்தாள். “அன்னைக்கு ஒன் விரல் சரியாத்தான் இருந்துருக்கு” என்றாள். கரியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கணக்கும் போட்டு நான் பார்க்கவில்லை.

என் அப்பா பஸ் கண்டக்டர். மாதச் சம்பளம் மழையைப் பார்த்து வருவதில்லை. அதனால் கணக்கே வராத நான் இயற்பியல் படித்தேன். இன்று நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அதே பாடத்தை நடத்துகிறேன். அந்த மாப்பிள்ளைக்கே வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா பழங்காநத்தத்தில் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டுகிறாள். போன மாதம் அங்கே போயிருந்தேன். மடித்த சேலைகளை அடுக்கிக்கொண்டே, அந்தக் கிணத்துக் கணக்கு இன்னும் புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

“அதுல தண்ணி எப்பவும் ஒரே எடத்துலயே நிக்கும்ல” என்றாள்.

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். அவள் முகத்தை மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். நிலம் தரிசாகக் கிடக்கிறது. கிணற்றில் ஒரு கல்லைப் போட்டேன். குப்பையில் விழுந்த மாதிரி மொத்தென்று ஒரு சத்தம். மோட்டார் அறையில் மோட்டாரும் இல்லை, கதவும் இல்லை. சாரல் அடித்து அடித்துப் புள்ளிகள் பாதி அழிந்துவிட்டன. அவள் கடைசியாக வைத்த புள்ளியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் இழுத்த கோடு மட்டும், ஒரு தப்பும் நடக்காதது போல, நேராக வெங்காயத்தில் போய் முடிகிறது.