ஸ்கோப்புக்குத் தெரிந்தது குழலுக்குத் தெரியவில்லை

புல்பப் வகை ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி, என் நெடுநாள் ஆசை. குண்டு ஏற்றும் பகுதி விசைக்குப் பின்னால் இருப்பதால் துப்பாக்கி குட்டையாக, கைக்கு அடக்கமாக இருந்தது. வாங்கிய வாரமே, பாகலூரில் மைத்துனன் தோட்டத்துப் பாறைமேல் அதைச் சாய்த்து வைத்து, முப்பது அடி தூரத்தில் ஒரு கொட்டாங்கச்சியைக் குறிபார்த்தேன். ஓசூர் தொழிற்சாலையில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டியதும், “மாமா, வெல்டிங் வைக்கவா வந்தீங்க?” என்று மைத்துனன் சிரித்தான்.

துப்பாக்கிமேல் பொருத்தியிருந்த ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியில் கொட்டாங்கச்சி துல்லியமாகத் தெரிந்தது. சுட்டேன். ஸ்கோப்புக்கு மூன்று அங்குலம் கீழே இருந்த குட்டைக் குழல் பாறையின் மேட்டைத் தாண்டவே இல்லை. குண்டு பாறையில் பட்டுத் தெறித்து, இடக்கண்ணுக்கு நேரே கண்ணாடியைக் கீறியது. கண் தப்பியது.

இப்போது குழல் முனை பாறையைத் தாண்டியிருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்த பிறகே சுடுகிறேன். மைத்துனனோ, துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே, “மாமா, அந்த வெல்டிங் கண்ணாடி எங்க?” என்கிறான்.