கட்ச் போகுமுன் நாங்கள் போட்ட கணக்கு

1. இன்சார்ஜ் சொன்னது

"பழைய மெஷின் எல்லாத்தையும் இறக்கப் போறாவ வே. இனி வாரது எல்லாம் பெருசு, ஆள் கொஞ்சம் போதும். குஜராத் சைட்டுல நல்ல டெக்னீஷியன் கேக்காவ. மாசக் கடைசிக்குள்ள முடிவச் சொல்லிரும்."

எங்கள் சைட் இன்சார்ஜ் இதைச் சொன்னபோது நான் டவரிலிருந்து இறங்கி, இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. நாங்குநேரி பக்கம் காற்றாலை சர்வீஸில் வேலை. டவர் ஏறுவது, உச்சியில் இருக்கும் மெஷின் பெட்டிக்குள் உட்கார்ந்து கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றுவது, போல்ட் டைட் பண்ணுவது, இதுதான் பிழைப்பு. உச்சியில் நின்றாலும் தலை சுற்றாது எனக்கு. அன்று தரையில் நின்றே சுற்றியது.

வீட்டுக்கு வந்து நானும் என் மனைவி செல்வராணியும் கணக்குப் போட ஆரம்பித்தோம். சம்பளம் ஒன்றரை மடங்கு. அப்படியானால் போகலாம். ஆனால் அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். "அங்கன போயி நான் யாருக்குத் தமிழ் சொல்லிக் குடுக்க?" என்றாள். அவள் சம்பளம் போய்விடும். அப்படியானால் வேண்டாம். இங்கேயே இருந்தால் எனக்கு வேலை இருக்குமா? தெரியாது. அப்படியானால் போகலாம். காலையில் டீ குடிக்கும்போது குஜராத்தில் இருப்பேன், குளித்துவிட்டு வருவதற்குள் பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருப்பேன். சவம், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

காஜாவுக்குப் போன் போட்டேன். மேலப்பாளையத்துக்காரன். என்னோடு டவர் ஏறியவன், ஒரு வருடம் முன்பே மனைவியோடு அதே குஜராத்தில் கட்ச் பக்கம் போய்விட்டான்.

"செலவெல்லாம் ஒண்ணும் பெருசில்ல வே. வாடகை கம்மி. பால் நல்ல பால். யோசிக்காம வாரும்" என்றான்.

செல்வராணி கேட்டுக்கொண்டே இருந்தாள். "போன்ல எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்கும். ஒருதடவ நேர்ல போயி பாத்துட்டு வாங்க" என்றாள்.

2. நான் குளித்தது

லீவு போட்டுப் போனேன். ரயில் புழுதியெல்லாம் உடம்பில் அப்பியிருந்தது. காஜா வீட்டில் பையை வைத்த உடனே குளிக்கப் போனேன். பாத்ரூமில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர். தாமிரபரணியில் முங்கி வளர்ந்த உடம்பு, சும்மா இருக்குமா? செம்பு செம்பாக மொண்டு ஊற்றினேன். பயணத்துச் சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் அலசிப் பிழிந்தேன். வெளியே வரும்போது டிரம்மில் அடி தெரிந்தது.

காஜாவின் மனைவி டிரம்மை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்க் காஜாவிடம், "தண்ணி லாரி வியாழக்கிழமதான வரும்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்குத் திங்கள்தான். மானமே போயிற்று.

உப்பு, புளி, ரயில் டிக்கெட் வரை கணக்குப் போட்டவர்கள் நாங்கள். தண்ணீரைச் சேர்க்கவே இல்லை. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு அது ஒரு செலவு என்றே தோன்றாது. லாரித் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று டீக்கடையில் காஜாவிடம் கேட்டேன். வாடகையில் பாதி என்றான்.

"அப்ப ஏம்வே ஒண்ணும் பெருசில்லன்னு சொன்னீரு?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "இங்கன வீட்ட விட்டு எறங்குனா தமிழ்ல சண்ட போடக்கூட ஒரு ஆளில்ல வே. உம்மள எப்படியாவது வரவச்சிரணும்னு கொறச்சுச் சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. மறுநாள் சைட்டைச் சுற்றிக் காட்டினான். கண்ணுக்கெட்டிய தூரம் புது மெஷின்கள், ஆள் போதவில்லை. வேலை விஷயத்தில் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. முழுப் பொய் என்றால் அப்படியே திரும்பியிருப்பேன்.

3. போனபிறகு

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். செல்வராணி ஒரு ராத்திரி யோசித்தாள். "நான் வேலைய விடல. நீங்க மட்டும் போங்க. அங்கயும் உங்க வேல போயிட்டா, ரெண்டு பேருக்கும் சம்பளம் இல்லாம என்ன செய்ய?" என்றாள். சரியா தப்பா என்று இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. நான் தனியாகக் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்த சில மாதத்தில் காஜாவுக்கு ராஜஸ்தான் மாற்றல் வந்துவிட்டது. சிரிக்கவா, அழவா? அவன் இருந்த வீட்டிலேயே நான் இப்போது இருக்கிறேன். அதே டிரம்தான். ஞாயிற்றுக்கிழமை செல்வராணியோடு போனில் பேசும்போதுதான் வாய் நிறையத் தமிழ் வரும்.

போன வாரம் பழைய சைட்டிலிருந்து முருகன் கூப்பிட்டான். அவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. அவனிடமும் முடிவு கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, அங்கன செலவெல்லாம் எப்படி? வரலாமா?"

ஒண்ணும் பெருசில்ல, வாலே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. காஜாவை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அதை விழுங்கிவிட்டுத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தேன். லாரி, வாடகை, பெண்டாட்டிக்கு இங்கே வேலை கிடைக்குமா கிடைக்காதா, எல்லாம் சொன்னேன். வேலை நல்ல வேலை என்பதையும் சொன்னேன்.

"அப்ப வரவேண்டாங்கியளா அண்ணாச்சி?"

"அது எனக்கே தெரியலலே. ஒருதடவ வந்து பாரு. வீட்டுலயும் கூட்டிட்டு வா." போனை வைக்கப் போனவன், மறுபடி காதில் வைத்துச் சொன்னேன். "நீ வந்தா எனக்கு நல்லாருக்கும்லே. ஆனா அத மட்டும் உன் கணக்குல சேக்காத."