நாற்காலியில் உட்கார மறுத்த ஜாபர் பாய்

போன வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் ஓர் அதிசயம் பார்த்தேன். மதியம் மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது... ஜாபர் பாயின் ஹார்டுவேர் கடை திறந்திருக்கிறது!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை என்றால் மனிதர் பன்னிரண்டு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார். வாசலில் எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளர் நின்றாலும், "தொழுதுட்டு வந்துர்றேன், டீ சாப்ட்டுக்கினு இருங்க" என்று நடையைக் கட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். பள்ளிவாசல் அதே தெருவில்தான் இருக்கிறது.

நான் விழுப்புரத்திலிருந்து ஒரு கிரகப்பிரவேசத்துக்காகப் போனவன். விசேஷம் சீக்கிரம் முடிந்துவிட்டதால், பல வருட சிநேகிதரை ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று நுழைந்தேன்.

"வாங்க சார், மல்லாட்டை எடுத்துக்குங்க."

"பாய்... இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே? தொழப் போகலையா?"

இன்னொரு கடலையை உரித்தார். அதைச் சாப்பிடவில்லை.

போன வருஷக் கடைசியில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாகவே நடக்கிறார். ஆனால் மண்டி போடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தொழுகையிலோ மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். சஜ்தா என்பார்கள்.

"நாங்க கோயில்ல விழுந்து கும்பிடற மாதிரிதானே?" என்றேன். தெரியாததைக் கேட்டுவிடுவது என் வழக்கம்.

"அந்த மாதிரிதான் சார். ஆனா பூரா வரிசையும் ஒண்ணா நெத்திய கீழ வைக்கும். லாரி ஓனரும் வைப்பான், அந்த லாரிக்கு மூட்ட தூக்கறவனும் வைப்பான். மனுஷன் அல்லாவுக்கு ரொம்ப கிட்ட இருக்கற நேரமே அதுதான். அப்ப நான் மட்டும் மேல சேர்ல குந்திக்கினு இருக்கறதா? அவன் முன்னாடி சேர் போட்டு உக்கார்றதுக்கு நான் யாரு சார்?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. என்ன பணிவு! பத்திரிகைக்கு இந்த வாரப் பத்தி தயார் என்று மனசுக்குள் தலைப்புகூடப் போட்டுவிட்டேன்.

அந்தத் தலைப்பைக் கிழித்துப் போட்டவர் ஷகிலா, பாயின் மனைவி. கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. டிபன் கேரியரோடு இறங்கி வந்தவர், கணவரின் கடைசி வரியைக் கேட்டுவிட்டார்.

"அண்ணா, இவரு சொல்றத அப்படியே நம்பிடாதீங்க. இவருக்குக் கூச்சம் அல்லாகிட்ட இல்ல. காதர் பாய்கிட்ட!"

"ஏய், சும்மா இரு" என்றார் பாய். ஷகிலா சும்மா இருக்கவில்லை.

விஷயம் இதுதான். முட்டிவலிக்காரர்களுக்காகப் பள்ளிவாசலில் நாற்காலி போடலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, பலமாக எதிர்த்தவர் நம் ஜாபர் பாய். "இது பள்ளிவாசலா, கல்யாண மண்டபமா?" என்றாராம். ஆனாலும் நாற்காலி வந்தது. அதில் முதலில் உட்கார்ந்தவர் காதர் பாய். ரிட்டயர்டு பஸ் டிரைவர். காலமெல்லாம் கிளட்ச் மிதித்துத் தேய்ந்த முட்டி. தொழுகை முடிந்து வெளியே வந்ததும், அத்தனை பேர் முன்னால் அவரிடம், "என்ன பாய், இலை போட்டாச்சா? பந்தி எப்போ?" என்று கேட்டிருக்கிறார் இவர். காதர் பாய் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

"இப்ப அவரு பக்கத்துல போய் இன்னொரு சேர்ல உக்காரணும். அதான் இவருக்கு முடியல" என்ற ஷகிலாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "வீட்ல கதவ சாத்திக்கினு தரையில தொழுது பாத்தாரு. முட்டி வீங்கிப் போய் டாக்டர்கிட்ட திட்டு வாங்கினதுதான் மிச்சம். இப்ப வீட்லயும் தொழறதில்ல. இப்படியே மொத்தமா உட்டுடுவாரோன்னு எனக்கு பயமா இருக்குண்ணா."

பாய் தலை நிமிரவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் குடைந்தது.

"உட்கார்ந்து தொழுதா அது தொழுகையில சேராதாம்மா?"

"ஏன் சேராது? நிக்க முடியலன்னா உக்காந்து தொழலாம். அதுவும் முடியலன்னா படுத்துக்கினு தொழலாம். அவ்ளோ எரக்கம் வச்சிருக்கான் அல்லா. அவன் குடுக்கறத வேணான்னு சொல்ற அளவுக்கு இவரு என்ன பெரிய ஆளா?"

யோசித்துப் பாருங்கள். 'எனக்கு அந்தத் தகுதி இல்லை' என்பதும், 'எனக்கு அது தேவையில்லை' என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கின்றன? பணிவு எது, வீம்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவரவர் வீட்டு ஷகிலாக்களைத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

பாய் மெதுவாக எழுந்து தொப்பியை எடுத்தார்.

"ஜல்தியா போங்க. கடைய நான் பாத்துக்கறேன்" என்றார் ஷகிலா.

நானும் கூடவே போனேன். பாய் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போக, நான் வெளி வராந்தாவில் நின்றுகொண்டேன். உள்ளே இமாம் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையின் ஓரத்தில் சில பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் காதர் பாய். நம்மவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். திரும்பி வந்துவிடுவாரோ என்று எனக்குப் படபடப்பு.

காதர் பாய் திரும்பிப் பார்த்தார். பதிலடி கொடுக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? ஆனால் இமாம் பேசும்போது மற்றவர்கள் பேசக் கூடாதாம். காதர் பாய் பக்கத்து நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார். தோள் துண்டால் அதைத் துடைத்தார். அவ்வளவுதான்.

ஜாபர் பாய் போய் உட்கார்ந்தார். தொழுகையில் எல்லாரும் தரையில் நெற்றி வைத்தபோது, ஓரத்தில் இரண்டு முதுகுகள் மட்டும் நாற்காலியில் குனிந்திருந்தன.

வெளியே வந்ததும் நம்மவர் காதர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"அத உடுய்யா. ஆபரேஷன் பண்ணா வலி கொறையுதா? என்னையும் பண்ணிக்கச் சொல்றாங்க" என்றார் அவர்.

திரும்பி நடக்கும்போது, "எப்படி இருந்தது பாய்?" என்று கேட்டேன்.

"தரையில நெத்திய வைக்கறது ஈஸி சார். அந்தச் சேர்ல போய் உக்கார்றதுக்குத்தான் ரொம்ப குனிய வேண்டியிருந்திச்சி."

விழுப்புரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில், "பரவால்லம்மா" என்று கம்பியைப் பிடித்தபடி நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன் நான்.

உட்கார்ந்துவிட்டேன். சுகமாகத்தான் இருந்தது — அந்தத் 'தாத்தா' ஒன்றைத் தவிர!