மயிலத்து முருகனுக்கு அட்வான்ஸ்

என் அக்கா விசாலாட்சி மெட்ராஸில் எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கரையாம்புத்தூரில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். கரும்பு போடுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன விளங்கும்? புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் பைக்குள் அடைத்து, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அவிழ வைப்பது அவள் ஆராய்ச்சி.

1984இல் எங்கள் அம்மா தையலம்மாளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்தது. இனி மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும் என்றார் டாக்டர். அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நோய் விட்டால் மயிலத்து முருகனுக்கு மொட்டை என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். சாமி முடியை மருந்து தின்னலாமா?

"இப்பவே போய் மொட்டை போட்டுட்டு வந்துடலாம்மா" என்றேன்.

"வேலை முடியறதுக்கு முன்னாடி எவன்டா கூலி குடுப்பான்?"

அக்கா வந்தாள். மருந்துக்குக் கட்டி எது, முடி எது என்று தெரியாது, அதனால்தான் பை செய்கிறோம் என்று பொறுமையாக விளக்கினாள். படித்தவள் அல்லவா, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை.

"அப்ப உன் பையில போட்டுக் குடுடி."

"அதை எலிக்குத்தாம்மா போடறோம்."

"எலிக்கு முடி கொட்டிச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? எலிக்குக் குடுப்ப, பெத்தவளுக்குக் குடுக்க மாட்டியா?"

"எலி செத்தா வேற எலி வாங்கலாம்மா" என்றாள் அக்கா.

அம்மா அசையவில்லை. பை தயாராகும்வரை காத்திருக்கிறாளாம். இருபது வருஷமாகும் என்றதற்கு, ஆவட்டும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பையைப் பத்தி உன்னை யாரு சொல்லச் சொன்னது?" என்று அக்காவைத்தான் திட்டினேன்.

மறுநாள் காலையில் அக்காவைக் காணோம். சாயங்காலம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றாள்.

"அடிப் பாவி! கல்யாணம் ஆவாத பொண்ணுடி நீ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கரும்பு வெட்ற ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்கறோம் இல்ல? முருகனுக்குக் குடுத்துட்டேன். உன் முடி வளந்ததும் மீதியை நீ குடு."

அம்மா அந்த மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அட்வான்ஸ் வாங்கினவன் வேலைக்கு வந்துதானே ஆவணும். ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கட்டுடா" என்றாள்.

முடி கொட்டியது, மறுபடி வளர்ந்தது. மயிலத்தில் அம்மா மொட்டை போட்டு மீதியைத் தீர்த்தாள். அதற்குப் பிறகு அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே கேள்விதான்.

"பை ஆச்சாடி?"

"இன்னும் இல்லம்மா."

சில வருஷம் கழித்து நோய் திரும்பி வந்தது. அந்தத் தடவையும் மருந்து ஏற்றி முடி கொட்டியது; நோய் அடங்கவில்லை. கடைசியாக அக்கா வந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. கண் மட்டும் அக்காவையே பார்த்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் தலையில் புதிதாக முளைத்திருந்த குட்டை முடியைத் தடவிக்கொடுத்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

"இன்னும் ஆவலம்மா."