தம்பிக்குச் சொல்லாத சாவு

சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் நான் வேலை செய்த சீன உணவகத்தின் முதலாளிக்கு எழுபது தாண்டியிருந்தது. சமையலும் அவரே. மனைவி பரிமாறுவார். நாங்கள் கதைத்தது உடைந்த ஜெர்மன். எனக்கு அது என் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

அவருடைய அம்மா சீனாவில் மார்கழியில் இறந்துபோனார். ஊரிலிருந்த தம்பி அதைச் சொன்னது சித்திரையில், பனிக்கால சீசன் முடிந்து கடை பூட்டிய பிறகு. தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்லி வேலையைக் குழப்பக் கூடாதாம், அது அவர்கள் வழக்கமாம். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! இவர் மூத்த மகன். சவத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியவர். எனக்கு விசா இல்லாத காலத்தில் என் அப்பாவுக்கும் வேறு யாரோதான் கொள்ளி வைத்தார்கள். ஆனால் அன்றைக்கே சொன்னார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு குழறி அழவாவது முடிந்தது. இவருக்கு அதுவும் இல்லை. அதற்குப் பிறகு தம்பியோடு பேச்சை விட்டுவிட்டார்.

சில வருடங்கள் கழித்து ஒரு கோடையில், வருகிறேன் என்று அண்ணிக்கு மட்டும் சொல்லிவிட்டுத் தம்பி வந்து இறங்கினார். மத்தியானக் கூட்டம் போன பிறகு எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட இருந்தோம். நல்ல சண்டை ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

முதலாளி முழு மீன் அவித்திருந்தார். அதன் கன்னத்துச் சதை அந்த மேசையில் எப்போதும் அவருக்குத்தான்; வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை. அன்று அவர் அதைக் குச்சியால் எடுத்து, தம்பியின் கிண்ணத்தில் வைத்தார். தம்பி தலை நிமிராமல் சாப்பிட்டார். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் சீனத்தில் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார்களாம்; மனைவிதான் எனக்குச் சொன்னார். அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டி கழுவும்போது முதலாளியிடம் கேட்டேவிட்டேன்.

"அவ்வளவுதானோ? அவர் மன்னிப்புக்கூடக் கேக்கேல்லையே."

"எங்கட வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை. வந்தான், சாப்பிட்டான். அவ்வளவு காணும்."

"என்னாலயெண்டா ஏலாது."

"எனக்கும் ஏலாமத்தான் இருந்தது." அவர் குழாயைப் பூட்டினார். "எனக்கு வயித்தில கட்டி. டொக்டர் கையை விரிச்சிட்டார். அவனுக்கு இருதய வருத்தம், ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிறான். சொல்லுவம் எண்டு அவன் வந்ததிலயிருந்து பாத்தன், வாய் வரேல்லை. அவனுக்கும் அம்மா செத்த நேரம் இப்பிடித்தானே இருந்திருக்கும்."

நான் கழுவிய சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"நீயும் வாய் திறக்காதை," என்றார்.

தம்பி போகும் நாளில் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். முதலாளி நன்றாக உடுத்து, கன்னம் ஒட்டியது தெரியாமல் சால்வை சுற்றியிருந்தார். சிவப்பு ரயில் வளைவில் மறையும் வரை கை காட்டினார். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் தூக்கிப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

முதலாளி கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார். எரித்துவிட்டு வந்த அந்தக் கிழமையே தம்பியின் அழைப்பு வந்தது. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, போனை எடுத்தார். கலகலப்பாகப் பேசினார், சிரிக்கவும் செய்தார். வைத்த பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"எங்கட வருசப்பிறப்புக்கு அண்ணரைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். அறைக்குப் புதுசா வெள்ளை அடிச்சிட்டாராம்."

"எப்ப சொல்லப்போறீங்கள்?"

"அவற்ற ஒப்பரேசன் முடியட்டும்."

ஒருநாள் தம்பிக்குத் தெரியத்தான் போகிறது. அப்போது கோபித்துக்கொள்ள அவருக்கு அண்ணன் இருக்கமாட்டார்.