தணிகாசலம் அண்ணன் படம் ஒன்று தேவை

தணிகாசலம் அண்ணன் இறந்துபோன செய்தி எங்கள் கம்பெனி பஸ்ஸில் கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான். அதற்குக் காரணமும் அவரேதான். போன மாசி மாதம் என் போனை வாங்கி, நான் இருந்த பதினேழு வாட்ஸ்அப் குழுக்களில் பதினாறிலிருந்து என்னை வெளியேற்றியவர் அவர். மிச்சம் வைத்தது என் மகளின் பள்ளிக் குழு ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பென்னலூரில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய், சாயங்காலம் எடுத்தும்விட்டார்கள். பஸ் குழுவில் போட்டாச்சே, தேவி பார்த்திருப்பாள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். நானோ மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை ஏழு பத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினேன். அவர் சீட் காலி. “இன்னா, அண்ணன் லீவா?” என்று கேட்டேன். டிரைவர் ஏகாம்பரம்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “உனக்குத் தெரியாதா தேவி?” என்று ஆரம்பித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மனுஷன் தன் சாவுச் செய்தி வருகிற வழியைக்கூட அடைத்துவிட்டுப் போயிருக்கிறாரே! அழுகை ஒரகடம் நெருங்கும்போதுதான் வந்தது.

நம் ஆலை இதழில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் அவரோடு பழகியவர்கள். நான் கூட்டிச் சொன்னால் பிடித்துவிடுவீர்கள். புதிதாக வந்தவர்களுக்காக: அண்ணன் ஸ்டோரில் பொறுப்பாளர். நான் குவாலிட்டியில் பிரேக் பாகங்களை அளந்து பார்ப்பவள். உள்ளே எங்களுக்குள் பேச்சு என்றால் “கையுறை கொடுங்க அண்ணே”, “கையெழுத்து போடும்மா”, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பஸ்ஸில்.

நம் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யும் இடத்தில் தேவையில்லாத பொருள் கண்ணில் பட்டால் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிட வேண்டும். முப்பது நாளுக்குள் ‘அது எனக்கு வேண்டும்’ என்று யாரும் வராவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். நமக்கெல்லாம் அது ஆடிட் வருகிற வாரம் மட்டும் ஞாபகம் வரும். அண்ணனுக்கோ அது மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஸ்டோரில் சீட்டு கட்ட ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும் அவர் கண் எங்கள் போன்கள் மேல் விழுந்தது.

முதலில் மாட்டியவள் நான். மகள் பள்ளியில் ஆடிய வீடியோ வந்தது, திறக்கவில்லை. இடம் இல்லை என்றது போன். போனை நான் வாய்க்கு வந்தபடி திட்டியதைக் கேட்டு முன் சீட்டிலிருந்து திரும்பினார். “இப்படிக் குடும்மா.” வாங்கி, விரலால் தள்ளித்தள்ளிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, போனா இல்ல சந்தையா? மூணு டார்ச்சு கீது. கரண்ட் போனா மூணையும் ஒண்ணாவா புடிச்சுகினு நிப்ப?”

“அது தானா வந்துச்சுண்ணே.”

“நாலு காலண்டர் கீது. நாலுலயும் ராகுகாலம் ஒண்ணுதானே?” அடுத்து படங்களுக்குப் போனார். “இந்த ரோஜாப்பூ காலை வணக்கம்லாம் யாரு அனுப்பறது?”

“என் நாத்தனார்.”

“நேர்ல பேசிக்குவீங்களா?”

“பேச மாட்டோம்.”

“அப்புறம் இன்னாத்துக்கு இத்தினி ரோஜா?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கடுப்புதான். ஆனால் அன்றைக்கு ஆலை கேட்டில் போனை லாக்கரில் வைப்பதற்குள் மகள் ஆடியதை முழுதாகப் பார்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து பஸ்ஸில் அவருக்குக் கூட்டம். நாற்பது நிமிஷத்தில் இரண்டு போன் பார்ப்பார். எதையும் உடனே அழிக்க மாட்டார். சந்தேகமான ஆப்பையெல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டு ‘சிவப்புச் சீட்டு’ என்று பெயர் வைப்பார். முப்பது நாள் தொடாமல் கிடந்தால் முப்பத்தோராம் நாள் சரியாக வந்து நிற்பார். படங்களுக்கு மட்டும் உடனே தீர்ப்பு. போனை முகத்துக்கு நேரே நீட்டி, “வேணுமா, வேணாமா?” என்பார். யோசித்தால், “யோசிக்கிறன்னா வேணாம்” என்று அவரே முடித்துவிடுவார்.

அவர் மூக்கு உடைந்ததும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் நாற்பது, நாற்பத்தைந்து நாள் வரும். கேஸ் புக் பண்ணுகிற ஆப்பை இடையில் எவன் தொடுவான்? முப்பத்தோராம் நாள் அண்ணன் அதையும் இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார், ஒன்பது பேர் போனிலிருந்து. ஒரு நாள் காலை ஸ்ரீபெரும்புதூர் நிறுத்தத்தில் ஏகாம்பரத்தின் மனைவி காலிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து பஸ் படியில் நிறுத்தினார். “கிளீன் பண்ற அந்தாளு எங்க? வந்து வூட்ல அடுப்ப பத்த வெக்கச் சொல்லுங்க!” போன் நம்பருக்கு அடித்தும் புக் பண்ணலாம் என்பது அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அண்ணன் இறங்கிப்போய்க் கைகட்டி நின்றார். “தப்பு என்னுதும்மா. கேஸ் தீர்ற கணக்க நான் பாக்கல.” மறுநாள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘திருத்தம்: முப்பது நாள் என்பதை அறுபது நாள் எனப் படிக்கவும். கேஸ், கரண்ட், ரேஷன் ஆகியவற்றுக்குச் சீட்டு கிடையாது. தவறு: தணிகாசலம், ஸ்டோர்ஸ்.’ எத்தனையோ சூப்பர்வைசர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். தப்பைத் தன் பேரில் எழுதி ஒட்டிய ஒரே ஆள் அவர்தான்.

காசு, டீ, எதுவும் வாங்க மாட்டார். கூலியாக ஒன்றே ஒன்று கேட்பார். போனில் அவர் படம் இருந்தால் அவரே அழித்துக்கொள்வார். அவருக்கு முன்பல் இரண்டும் எடுப்பு. சிரித்தால் அதுதான் முதலில் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு தொற்றிக்கொள்ளும். ஆனால் படத்தில் பேய் மாதிரி வருகிறது என்பது அவர் எண்ணம். ஏலகிரி டூர் போய்வந்தபோது என் போனிலிருந்த அவர் படங்கள் ஆறையும் தேடித்தேடி அழித்தார். “என் போனு, என் எடம், உங்களுக்கு இன்னாண்ணே?” என்று சண்டைக்குப் போனேன்.

“மூஞ்சி என்னுதுதானேம்மா? நாளைக்கு ஏழு பத்துக்கு நேர்லயே பாக்கப்போற. இது வேற எதுக்கு எடத்த அடைச்சுகினு?” என்றார். அதோடு விட்டாரா? அழித்த படங்கள் போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் கொட்டிவிட்டுத்தான் போனைத் தந்தார். நான் ஒரு வாரம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவர் போன ஐந்தாம் நாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். செல்வி அண்ணி அழுது ஓய்ந்திருந்தார். மடியில் அண்ணன் போனும் தன் போனும். பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு, வைக்கப் படம் இல்லை. அண்ணன் போனில் மொத்தமே பதினோரு படம்: பிள்ளைகள், அண்ணி, கரண்ட் அட்டை, ஒரு மாத்திரை அட்டை. அண்ணியின் போனை அண்ணன் அதைவிடச் சுத்தமாக வைத்திருந்தார். “இருந்த எடம் தெரியாம தொடச்சுட்டுப் போயிட்டாரும்மா அந்த மனுசன்” என்று சொல்லிவிட்டு அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடி அழ ஆரம்பித்துவிட்டார்.

கம்பெனி அடையாள அட்டையில் படம் இருந்தது. அதில் வாயை இறுக்க மூடிக்கொண்டு, யாரோ திட்டியதைக் கேட்டு நிற்கிற மாதிரி இருந்தார். கல்யாணப் படத்திலும் அதே மூடிய வாய். அதோடு இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய ஆள், ஒல்லியாக, தலை நிறைய முடியோடு. “இத வெச்சா, யாரு உன் கொழுந்தனான்னு கேப்பாங்க” என்றார் அண்ணி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ண மூடினா முகம் வருது தேவி, அந்த சிரிப்பு வர மாட்டேங்குது. மறந்துடுவனோன்னு பயமா கீது. பல்லு தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு எங்கயாச்சும் கெடைக்குமா பாரு.”

கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ!

மறுநாள் பஸ்ஸில் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். நாற்பது பேரும் போனை எடுத்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒருவர் பெருமையோடு, “என்கிட்ட பாதிக்கு மேல எடம் காலி” என்று சொல்லப்போய், சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கடைசி சீட் பாபு ஒருத்தர்தான் அண்ணன் கையில் போனைக் கொடுக்காதவர். பதினாலாயிரம் படம் வைத்திருந்தார். இத்தனை நாள் அவரை நாங்கள் குப்பைத்தொட்டி என்று கேலி பேசியிருக்கிறோம். அன்றைக்கு அவரைச் சுற்றிச் சாமி பல்லக்கைச் சுற்றுவது போலக் கூட்டம். இரண்டு நாள் பார்த்தோம். ஏலகிரி டூரில் எடுத்த பொங்கல் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை கிடைத்தது, அண்ணனுடையதுதான், வாட்ச்சை வைத்துக் கண்டுபிடித்தோம். ஒரு பின்னந்தலை கிடைத்தது. விரித்த செய்தித்தாளுக்குக் கீழே இரண்டு கால் கிடைத்தது. எவன் போனைத் தூக்கினாலும் மனுஷன் அரை நொடியில் திரும்பியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் கையுறை வாங்க ஸ்டோருக்குப் போனேன். அவர் இல்லாத மேசைக்கு முன் நிற்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒரு போர்டு. சுத்தம் செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டிரண்டு படமாகக் கம்பெனி கேமராவில் எடுத்து ஒட்டியிருப்பார்களே, அது. தினம் தாண்டிப் போகிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. ‘முன்’ என்ற படத்தில் துருப்பிடித்த அலமாரி, கிழிந்த சாக்கு, இறக்கை ஒடிந்த ஒரு மேசை ஃபேன். அதற்கு நடுவில் அண்ணன். படம் எடுப்பது அலமாரியைத்தான் என்று நினைத்திருக்கிறார் போல. அந்த ஃபேனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பல்லும் தெரிய, வாய் நிறையச் சிரிக்கிறார். பக்கத்தில் ‘பின்’ என்ற படம். அதே இடம். மஞ்சள் கோடு, பெயர்ச்சீட்டு, எல்லாம் அதனதன் இடத்தில். அவர் இல்லை. அந்தப் படத்தை என்னால் கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

கம்பெனிப் படம் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்றார் செக்யூரிட்டி அதிகாரி. அடுத்த வாரம் ஆடிட் வேறு. என் வாய் சும்மா இருக்குமா? “அது இன்னா பிரேக் டிராயிங்கா சார்? எங்கண்ணன் சார் அது! அவரு பல்லு தெரியறது இந்த உலகத்துல அது ஒண்ணுலதான்!” கத்திய கத்தலில் மனிதவளத்துறையே இறங்கி வந்தது. மூன்று நாளில் திருப்பி ஒட்டிவிட வேண்டும் என்று கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டோர் பொருள் வெளியே போவதற்கு உரிய அதே படிவம்தான். பொருள்: படம். எண்ணிக்கை: ஒன்று. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். “பின்னாடி இருக்கற குப்பையெல்லாம் எடுத்துட்டு நீலக் கலர் போட்டுடறேன்மா, அம்சமா இருக்கும்” என்றார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த ஒடைஞ்ச ஃபேன எடுத்துட்டா அவரு எதப் பாத்து சிரிக்கறாருன்னு யாருக்கும் தெரியாதேப்பா. அப்படியே வுடு.”

படத்திறப்பில் துணியை விலக்கியதும் பஸ்ஸே சிரித்தது. ஊரையே சுத்தம் பண்ணின மனுஷன் சாக்கும் துருவும் ஒடிந்த ஃபேனுமாக, கழுத்தில் சம்பங்கி மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். அண்ணி எல்லாருக்கும் முன்னால், அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது பேரும் போனைத் தூக்கினோம். யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது அப்போது நான் எடுத்த அந்தப் படம்தான். நன்றாக வரவில்லை. படத்தின் கண்ணாடியில் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. ஃபேனுக்குக் கீழே, மாலைக்குப் பக்கத்தில், போனைப் பிடித்தபடி அழுதுகொண்டிருக்கிற என் முகமும் அந்தக் கண்ணாடியில் தெரிகிறது. பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் போனோம். அவரும் நானும் சேர்ந்து இருக்கிற படம் அது ஒன்றுதான்.